இரண்டு வாய் சொன்ன செய்தி

என் தங்கைக்குப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் கொக்கி. அவள் கேள்வியில் மாட்டியவர்கள் லேசில் கழன்றதில்லை. ஒரு அமைச்சரிடம் ஒரே கேள்வியை அவள் திரும்பத் திரும்பக் கேட்க, கடைசியில் அவர் சட்டையில் இருந்த மைக்கைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். காலி நாற்காலியைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்டாள். உடும்புப் பிடி.

நான் எட்டாவதோடு நின்றவன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறேன். அவள் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் உட்கார்ந்த அன்று, ஸ்டூடியோ விளக்கு அவள் கண்ணாடியில் வெள்ளைப் பட்டையாக விழுந்து கண்ணே தெரியவில்லை. மறுநாளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காத லென்ஸ் போட்டு, ஃபிரேமை ஒரு நூல் முன்னால் சாய்த்துக் கொடுத்தேன். அதன் பிறகு தேர்தல், ஆட்சிக் கவிழ்ப்பு, மந்திரிசபை மாற்றம் எல்லாவற்றையும் மக்கள் அவள் வாயால்தான் கேட்டார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் நானாகவே சொல்லிவிடுவேன்: "அது என் தங்கச்சிதாங்க."

அவளுக்கு ஒரு விதி இருந்தது. ஒருவரையொருவர் சாராத இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் ஒழிய எதையும் செய்தியாகச் சொல்ல மாட்டாள். "ரெண்டு வாய் வேணும் அண்ணா" என்பாள். அதனால் அவள் நிலையம் பல தடவை பிந்தியது. ஆனால் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

ஆளும் கட்சியின் முதிய தலைவர் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் அது. எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். ஒரு நாள் சில சின்ன நிலையங்கள் காலையிலிருந்தே அவரைச் சாகடித்துக்கொண்டிருந்தன. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதியம் நேரலையில் இருந்தாள் தங்கை. விளம்பர இடைவேளையில், அந்த ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த டாக்டரைக் கூப்பிட்டாள்.

"பெரியவர் போயிட்டாரா டாக்டர்?"

"நான் வேற மாடி. இருங்க, விசாரிச்சுச் சொல்றேன்."

பெரியவர் இருந்த மாடியில் யாரும் ஃபோனை எடுக்காததால் டாக்டர் கட்சிச் செயலாளரைக் கூப்பிட்டிருக்கிறார். "பெரியவர் போயிட்டாராமே, கொக்கியே கேக்குறாங்க" என்றிருக்கிறார். செயலாளர் அப்போது கட்சி அலுவலகத்தில் இருந்தார். மற்றவர்கள் சொன்னபோது சிரித்தவர், அவளே கேட்கிறாள், அதுவும் டாக்டர் வாயால் வருகிறது என்றதும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அழுதபடியே தங்கையைக் கூப்பிட்டார். "போயிட்டாரும்மா." ஒரு வாய்.

சிறிது நேரத்தில் டாக்டர் மறுபடி கட்சி அலுவலகத்துக்குப் பேச, அங்கே ஒரே ஓலம். அவரும் தங்கையைக் கூப்பிட்டார். "உண்மைதாம்மா. அவங்க ஆஃபீஸ்லயே அழறாங்க." இரண்டாவது வாய்.

அவள் கேட்ட கேள்விதான் இரண்டு வழியாகச் சுற்றி அவளிடமே பதிலாக வந்து நின்றது. அது அப்போது அவளுக்குத் தெரியாது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

பெரியவர் அந்த நேரம் கட்டிலில் சாய்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் ஆஸ்பத்திரிக்கு ஓடியது. வாசல் கதவைப் பூட்டிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் தள்ள, முன்னால் நின்றவர்கள் கம்பிக் கதவோடு நசுங்கினார்கள். கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடும் ஒருவர் அங்கேயே இறந்தார்.

பெரியவர் தேறி வீட்டுக்குப் போனதும் அவளுக்கு ஃபோன் செய்தார். கோபமே இல்லை. "செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கூடும்பாங்க. உன் புண்ணியத்துல இன்னும் ரெண்டு தேர்தல் நிப்பேன் போலிருக்கே!" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, "அண்ணா, வண்டியை எடு" என்றாள்.

கேன்காரர் வீடு ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. காலி கேன்கள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவர் மனைவி எங்களுக்குப் பாய் விரித்தாள். தங்கை உட்காரவில்லை.

"நான் சொன்னதுனாலதான்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா" என்றாள் அந்தப் பெண். "காலையிலிருந்து மத்த டிவிக்காரனுங்க கத்திட்டுதான் இருந்தானுங்க. இவரு அசையலையே. 'அந்தக் கண்ணாடிக்காரப் பொண்ணு சொல்லட்டும், அப்புறம் போறேன்'னு கேனைத் தூக்கிட்டிருந்தாரு. நீங்க சொன்னீங்க. தோள்ல இருந்த கேனை அப்படியே இறக்கி வெச்சுட்டு ஓடினாரு."

அவள் குரலில் திட்டு இல்லை. திட்டியிருக்கலாம். வண்டியில் திரும்பும்போது அவள் என் முதுகில் சாய்ந்திருந்ததால் அழுதாளா இல்லையா என்று என் சட்டைக்குத்தான் தெரியும்.

அந்த மதியத்தோடு அவள் ஸ்டூடியோவுக்குப் போவது நின்றுபோயிருந்தது. போன மாதம் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் வீட்டுக்கு வந்தார்.

"வாங்கம்மா, ஒரு தடவை மன்னிப்பு சொல்லிடுவோம். அதுக்கப்புறம் பழைய நிகழ்ச்சி, பழைய நாற்காலி. ஜனங்க மறந்துட்டாங்க."

"மறக்கல சார்."

"சரி, மன்னிச்சுட்டாங்க. உங்க மேல இன்னும் அதே நம்பிக்கை இருக்கு. கணக்கெடுத்துப் பார்த்துட்டோம்."

"அதான் சார் பயமா இருக்கு. நான் சொன்னா நம்பிடுறாங்களே."

தயாரிப்பாளர் என்னைப் பார்த்தார். எனக்கும் மனம் தாங்கவில்லை. "உன்னை மாதிரி கேக்க யாரும்மா இருக்கா? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான் இன்னைக்கும் நம்புறேன்" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றினால் அவளுக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரியாது.

"நீயாவது நம்பாதே அண்ணா" என்றாள்.

தயாரிப்பாளர் ஆறிப்போன டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அந்த நாற்காலியில் இப்போது வேறொரு பையன் உட்கார்ந்து சத்தமாகப் பேசுகிறான். கடையில் யாராவது, "உங்க தங்கச்சி ஏன் வர்றதில்லை?" என்று கேட்டால் உடம்பு சரியில்லை என்கிறேன். நான் இன்னும் அவளை நம்பித்தான் தொலைக்கிறேன். அவளிடம் அதைச் சொல்வதில்லை.