கோக்குமாக்கு ஆட்டத்தில் மாமனாரை ஜெயித்த கதை

நான் ஜெயித்துவிட்டேன்!

எதில் என்று கேட்கிறீர்களா? சொன்னால் சிரிப்பீர்கள். என் மாமனார் கண்டுபிடித்த ஒரு கிறுக்கு விளையாட்டில். போன மாதத்துக்கு முன்னால் பதினாலு தடவை விளையாடியிருந்தோம். அதில் ஒன்பது தடவை நான் தோற்றேன். மீதியை என் கணவரும் மாமியாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மாமா தோற்றதாகச் சரித்திரமே கிடையாது... போன மாதம் வரைக்கும்.

நாங்கள் இருப்பது திருப்பதியில். கணவருக்கு ஸ்ரீ சிட்டியில் ஃபேக்டரி வேலை. மாமாவும் அத்தையும் நகரியில். வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் நாலு பவர்லூம். தறி ஓடும்போது அந்த வீட்டில் வாயால் பேச முடியாது. கையைக் காட்டித்தான் காபி கேட்க வேண்டும், கண்ணை உருட்டித்தான் சர்க்கரை போதவில்லை என்று சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை லைன் வேலை என்று காலையிலேயே கரன்ட்டை எடுத்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் எங்களுக்கு லீவு மாதிரி. கிளம்பிப் போய்விடுவோம்.

கரன்ட் போனதும் மாமா ஷெட்டிலிருந்து ஒரு பழைய நாடாவை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வருவார். நாடா என்றால் நீங்கள் பைஜாமாவில் கோக்கிறது இல்லை. நூல் கண்டை வயிற்றில் வைத்துக்கொண்டு தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மரக்கட்டை. "வாங்க, கோக்குமாக்கு ஆடலாம்" என்பார். விளையாட்டின் பெயரே அதுதான்.

நாலு பேரும் வட்டமாக உட்கார வேண்டும். நாடா கை மாறிக்கொண்டே போகும். கொடுக்கும்போது ஒரு காய்கறி பெயர் சொல்ல வேண்டும். கத்திரிக்காய் என்று சொல்லிவிட்டால் நாடா வந்த வழியே திரும்பும். யாராவது சிரித்துவிட்டால் நாடாவைத் தலையில் வைத்துக்கொண்டு பத்து வரை எண்ண வேண்டும். சும்மா இல்லை... ஒற்றைப்படை எண் தமிழில், இரட்டைப்படை தெலுங்கில், ஏழு வரும் இடத்தில் ஏழு என்று சொல்லாமல் கொட்டாவி விட வேண்டும். மூக்கு அரித்தால் பக்கத்தில் இருப்பவரிடம் பர்மிஷன் வாங்கித்தான் சொறியலாம்.

இதில் வருகிற தகராறுகள் இருக்கிறதே! ஒருமுறை என் கணவர் "ரெண்டு" என்று சொன்னதும் மாமா கையை உயர்த்தினார். "நில்லு. இப்ப சொன்னது தமிழ் ரெண்டா, தெலுங்கு ரெண்டா?"

"தெலுங்கு ரெண்டுதான் நைனா!"

"மூஞ்சப் பாத்தா தமிழ் ரெண்டு மாதிரி கீதே. மொதல்லேந்து எண்ணு."

இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? ஏனென்றால் விளையாட்டின் மிக முக்கியமான சட்டம், "ஏன்" என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அவுட். மாமா போட்ட சட்டம்தான்.

பக்கத்து வீட்டில் ஆறு தறி. கரன்ட் வந்த நிமிஷமே ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வீட்டு ஸ்விட்ச் எல்லாம் ஆஃப் பண்ணித்தான் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓட ஆரம்பித்தால் ஆட்டம் முடிந்தது. அப்போது நாடா யார் கையில் இருக்கிறதோ அவர் தோற்றார். மற்றவர்கள் சொல்கிற ஒரு வேலையை அவர் செய்தே ஆக வேண்டும். நான் ஒருமுறை வாசலில் நின்று போகிற வருகிற டூ வீலருக்கெல்லாம் சல்யூட் அடித்திருக்கிறேன். தோற்றவருக்கு ஒரே ஒரு ஆறுதல், அடுத்த ஆட்டத்துக்குப் புதுச் சட்டம் ஒன்று சேர்க்கலாம். காய்கறி, கொட்டாவி, மூக்கு எல்லாம் தோற்றுப்போன வயிற்றெரிச்சலில் நாங்கள் சேர்த்தவைதான்.

சரி, இதில் ஜெயித்ததற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைக்கிறீர்களா? இருங்கள்.

மாமாவுக்குக் காது கேட்பதில்லை. நாற்பது வருஷம் தறி சத்தத்தில் நின்றவருக்கு எப்படிக் கேட்கும்? எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நாள் முன்னால் புத்தூர் ரோட்டில் டிவிஎஸ்ஸில் போயிருக்கிறார். பின்னால் ஒரு லாரி ஹார்ன் மேல் ஹார்ன் அடித்திருக்கிறது. இவர் பாட்டுக்கு நடு ரோட்டில் போய்க்கொண்டே இருக்கிறார். லாரிக்காரர் பிரேக் போட்டு, இறங்கி வந்து திட்டிவிட்டுப் போனாராம். பார்த்தவர்கள் வந்து அத்தையிடம் சொல்ல, அத்தை எனக்கு போன் பண்ணி அழுதார். "ஒரு நாள் இல்ல ஒரு நாள் ரோட்டுலேந்து யாராச்சும் போன் பண்ணுவாங்கன்னு பயந்துக்கினே கீறேன்மா."

திருப்பதியில் மூன்று தடவை டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். மூன்று தடவையும் வரவில்லை.

"எனுக்கு காது நல்லாத்தாம்மா கேக்குது. அவன் ஹார்னே அடிக்கல."

அழுதோம், கெஞ்சினோம், கணவர் ஒரு மாதம் பேசாமல்கூட இருந்து பார்த்தார். அவர் பேசாமல் இருப்பது மாமாவுக்குத் தெரியவே இல்லை.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். காது கேட்காதவர் இந்த ஆட்டத்தில் எப்படி ஜெயிக்கிறார்? சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுவது எங்களுக்கு முன்னால் அவருக்கு எப்படித் தெரிகிறது? இதைக் காட்டித்தானே எங்கள் வாயை அடைக்கிறார்! "செவிடன் எங்கனா இப்பிடி ஆடுவானா?"

போன மாதத்துக்கு முந்தின மாதம் வழக்கம்போல் நான்தான் தோற்றேன். ஆனால் தோற்கிற நேரத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டேன். மாமாவின் இடது உள்ளங்கை தரையில் அப்படியே பதிந்திருந்தது. அவர் என் மடியில் நாடாவைத் தள்ளியபோது தரை லேசாக நடுங்கியது. அடப்பாவி மனுஷா! காதால் கேட்கவில்லை, கையால் கேட்கிறார்! ஆறு தறி ஓடினால் தரை அதிராதா?

எத்தனை வருஷமாக இப்படிச் சமாளிக்கிறாரோ! கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேனே... ஒன்பது தடவை தோற்றவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்.

போன மாதம் பஸ்ஸில் போகும்போதே கணவரிடம் என் திட்டத்தைச் சொல்லிவிட்டேன். வடமாலப்பேட்டை தாண்டுவதற்குள் ஒத்துக்கொண்டார். அத்தையிடம் சமையலறையில் சொன்னேன். கையில் கரண்டியோடு யோசித்தார்.

"பாவம்மா. தோத்துப் போனா மூஞ்சி எப்பிடி ஆயிடும்!"

"ரோட்ல விழுந்தா எப்படி அத்தை ஆகும்?"

அத்தை கரண்டியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

மாமா நாடாவோடு தரையில் உட்காரப் போனார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"மாமா, போன தடவை நான் தோத்தேன். புது ரூல். எல்லாரும் கட்டில் மேலதான் உக்காரணும். காலை மடக்கி. காலோ கையோ தரையில படக் கூடாது."

மாமா என்னைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். அதன் மேல் முழங்கை உயரத்துக்கு இலவம்பஞ்சு மெத்தை. வாயைத் திறந்தார். "ஏன்" என்று கேட்க வேண்டும்... கேட்டால் அவுட்! சொந்தச் சட்டம். மூடிக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார்.

நாடா சுற்றியது. வெண்டைக்காய், பீர்க்கங்காய், கோவைக்காய். மாமாவின் கண் எங்கள் முகங்களில் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் முகத்தைக் கல்லாக வைத்திருந்தோம். கரன்ட் வருகிற நேரம்தான். நாடா என் கைக்கு வரும்போதெல்லாம் வாயில் வந்த காய்கறியைச் சொல்லி உடனே தள்ளிவிட்டேன். இந்த நேரத்தில் தறி ஓடினால் எல்லாம் வீண். அப்புறம் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தில் எத்தனை லாரி?

நாடா அத்தையிடம் போனது. அத்தை மாமாவின் தொப்பையை நிதானமாகப் பார்த்தார். பிறகு, ரொம்ப மரியாதையாக, "பூசணிக்கா" என்று சொல்லி நீட்டினார்.

மாமா வெடித்துச் சிரித்துவிட்டார்.

சிரித்தால் என்ன? நாடா தலையில், பத்து வரை எண்ண வேண்டும். மாமா நாடாவைத் தலையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலுகு..."

சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓட ஆரம்பித்தது.

முதலில் ஒன்று. அப்புறம் இரண்டு, மூன்று. ஆறும் சேர்ந்து தடதடவென்று... எனக்குக் காதை அடைத்தது. மாமா எண்ணிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு... ஆறு..." அழகாக ஒரு கொட்டாவி விட்டார். "எனிமிதி... ஒம்பது... பதி!"

தப்பில்லாமல் முடித்த பெருமையில் நாடாவை என்னிடம் நீட்டினார். "சொரக்கா!"

நான் வாங்கவில்லை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, கட்டிலுக்குக் கீழே கையை விட்டு, தரையைத் தொட்டார்.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"எப்பேந்து ஓடுது?"

"நாலுல இருந்து, மாமா."

ஜெயித்ததும் குதிப்பதாகத்தான் இருந்தேன். குதிக்க முடியவில்லை. இந்த மனுஷனை நாலு பேர் முன்னால் இப்படி மாட்டவிட்டேனே என்று இருந்தது. எழுந்து போய்விடுவார், இனிமேல் என்னோடு பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மாமா நாடாவை மடியில் வைத்துக்கொண்டார். "அயிபோயிந்தி" என்றார். முடிந்தது! "நான் தோத்துட்டேன். இன்னா பண்ணணும், சொல்லு."

"திங்கட்கிழமை திருப்பதி வரணும். காது டாக்டர்."

மறுபடியும் வாய் திறந்தது. "ஏ..." வரைக்கும் வந்துவிட்டது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்து அத்தை சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும்! அப்புறம்தான் நான் குதித்தேன். கட்டிலிலிருந்து இறங்கி, நிஜமாகவே குதித்தேன்.

சொன்னபடி வந்தார். பெண்டாட்டி சொல்லியும் கேட்காதவர், பெற்ற பிள்ளை சொல்லியும் கேட்காதவர், கோக்குமாக்கு சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அத்தையோடு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். மனிதர்களே இப்படித்தானோ? ஹெல்மெட் போடு என்றால் கேட்க மாட்டோம். மாத்திரை போடு என்றால் கேட்க மாட்டோம். ஆனால் ஏழுக்குக் கொட்டாவி விடு என்று நாமே போட்டுக்கொண்ட சட்டத்தை உயிரே போனாலும் மீற மாட்டோம்.

கண்ணாடி ரூமில் ஹெட்போனை மாட்டி உட்கார வைத்தார்கள். "வினபடிதே பட்டன் நொக்கண்டி" என்று அங்கே இருந்த பெண் சைகையோடு சொன்னார். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுவும் ஆட்டந்தானா? இங்கியும் ஏன்னு கேக்கக் கூடாதா?" இரண்டு காதுக்கும் மிஷின் தேவை என்று சொன்னார்கள். அதையும் கேள்வி கேட்காமல் மாட்டிக்கொண்டார்.

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் அத்தை ரோட்டைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார். மாமா திரும்பினார்.

"இன்னாது? என்ன வீம்பு புடிச்ச மனுசன்னா சொன்ன?"

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இத்தினி வருசமா இப்பிடித்தான் திட்டிக்கினு இருந்தியா?"

"இதுக்கா இம்மாங் கஷ்டப்பட்டு இட்டுக்கினு வந்தோம்" என்று அத்தை என்னைப் பார்த்தார். ஆனால் ஆட்டோ பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

இந்தச் சனிக்கிழமை மறுபடியும் கரன்ட் போனது. மாமாவே போய் முதல் ஆளாகக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார், காலை மடக்கிக்கொண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தறிப்பக்கம் நடந்துபோகிற சத்தம்... எங்களுக்குக் கேட்கவே இல்லை. மாமாவுக்குக் கேட்டது. "சொரக்கா!" என்று என் மடியில் நாடாவைப் போட்ட அடுத்த நொடி தறி ஓடியது. தோற்றுப்போனதற்காக நான் கை தட்டியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

தண்டனை என்ன தெரியுமா? நடந்ததை ஒன்று விடாமல், பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் எழுத வேண்டுமாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. மாமாவின் தெருவில் இன்னும் எத்தனை பேர் காது கேட்காமல் டிவிஎஸ் ஓட்டுகிறார்கள் என்று எனக்கும் தெரியும்.

ஒரே ஒரு நஷ்டம். மாமா தெலுங்கு மீடியம், தமிழ் படிக்க வராது. வாரா வாரம் என் பத்தியை அத்தைதான் அவருக்குப் படித்துக் காட்டுவார், தெருக்கோடி வரை கேட்கிற குரலில். அந்தத் தெருவே எனக்கு வாசகர்கள்! இனிமேல் அத்தை மெதுவாகத்தான் படிப்பார்.

போனால் போகட்டும். என் வாசகர்களில் ஒருவருக்குக் காது கேட்கிறது!