அவசரத்துக்கு யாரை அழைப்பது?

போன சனிக்கிழமை நடந்தவை, வரிசைப்படி:

1. காலை ஏழு மணிக்கு மாத்தளை டவுனில் ஒரு வெள்ளை மினி பஸ் என்னை ஏற்றிக்கொண்டது.
2. உள்ளே பதினான்கு வெளிநாட்டவர்கள். எல்லோரும் கொழும்பில் வேலை பார்ப்பவர்கள். வார இறுதியில் கூட்டமாக ஊர் சுற்றக் கிளம்பியவர்கள்.
3. அவர்களைக் கூட்டி வந்த கொலின், வணக்கம் சொல்வதற்கு முன்பே ஒரு கிளிப்போர்டை என் கையில் திணித்தார். பெயர்ப் பட்டியல். ஆள் எண்ணுவது என் வேலையாம்.
4. பதினைந்தாவது பெயர் என்னுடையது. பதினாறாவது, நிமாலி. வில்கமுவவில் பகல் சாப்பாட்டோடு எங்களுக்காகக் காத்திருப்பவள். அதன் பிறகு எங்களோடு யானை பார்க்க வரப்போகிறவள்.
5. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம் – 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்'. நிமாலியின் கட்டத்தில் 'விமலதாச மாமா' என்று இருந்தது.
6. அவளுடைய அந்தக் கட்டத்தில் என் பெயர் இல்லை.

முதல் ஐந்தும் வெறும் பயணக் குறிப்பு. ஆறாவதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது... தென் கொரியாவுக்கு.

குடிநீர் சுத்திகரிப்பு பற்றிப் படிக்க இரண்டு வருடம் அங்கே இருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஆய்வுகூடம். சனி, ஞாயிறு? அறையின் நாலு சுவர். பேசுவதற்கு ஆளில்லாமல் சோறு வேகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

அப்போதுதான் துணி துவைக்கும் கடையில் ஓர் அறிவித்தல் கண்ணில் பட்டது. இந்த நகரத்தில் வசிக்கும் வெளிநாட்டவர்களுக்கு ஞாயிறுதோறும் பஸ் பயணம். நடத்துபவர் கொலின் – அங்கே ஆங்கிலம் படிப்பித்த கனடாக்காரர்.

முதல் நாள், பஸ்ஸில் ஏறியதும் ஒரு படிவம் தந்தார்கள். பெயர், நாடு, போன் நம்பர் எல்லாம் சுலபமாக எழுதிவிட்டேன். கடைசிக் கேள்வியில் பேனா நின்றுவிட்டது. 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் – இந்த நாட்டில்.'

இந்த நாட்டில்! எனக்கு யாரைத் தெரியும்? பேராசிரியரை எழுத முடியுமா? மூலைக் கடையில் முட்டை விற்கும் அம்மாவை எழுத முடியுமா?

பக்கத்து இருக்கைப் பெண்ணும் அதே இடத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாளை எட்டிப் பார்த்தேன். நாடு: இலங்கை.

"ஊர் எது?" என்றேன் சிங்களத்தில்.

"மாத்தளை."

"மாத்தளையில எங்க?"

"வில்கமுவ. நீ?"

"உக்குவளை."

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஒரே மாவட்டம். ஊரில் இருந்தபோது ஒரே பஸ்ஸில் ஏறக்கூட வாய்ப்பில்லாத இரண்டு பெண்கள். நான் இஞ்சினியர், அவள் வயல்காரர் வீட்டுப் பெண், கார் பாகங்கள் செய்யும் பெக்டரிக்கு வேலைக்கு வந்தவள். பழகி நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. என் படிவத்தில் அவள் பெயரை எழுதினேன். அவள் படிவத்தில் என் பெயர்.

அதன் பிறகு எத்தனை ஞாயிறுகள்... போன இடங்களின் பெயர்கள் பாதி மறந்துவிட்டன. பஸ் மட்டும் மறக்கவில்லை. பனி படிந்த ஜன்னல். எல்லோருக்கும் தோடம்பழம் உரித்துக் கொடுக்கும் நைஜீரியாக்காரர். இருக்கை முதுகுகளைத் தொட்டுத் தொட்டு ஆள் எண்ணிப் போகும் கொலின். ஆறு நாள் ஓவர்டைம் களைப்பில் என் தோளில் தூங்கும் நிமாலி. ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம்தான். கொரிய மொழியோ, டிரைவரே பயப்படும் அளவுக்கு வரும். வழியில் சுட்ட கஷ்கொட்டை விற்கிறார்களா? நிமாலி ஒரு வார்த்தை சொன்னால் பஸ் நின்றுவிடும்.

இரண்டாவது குளிர்காலத்தில் பனியில் வழுக்கி இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கல்லூரி வாசலில் நடந்தது அது. ஆஸ்பத்திரியில் யாரை அழைப்பது என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன்.

ஒரு மணித்தியாலத்தில் வந்துவிட்டாள். பெக்டரி உடுப்பு, கையில் எண்ணெய்க் கறை, காதடைப்பான் கழுத்தில் தொங்கியபடி. டொக்டரிடம் எனக்காக வாதாடினாள். "வேலைய விட்டுட்டு ஏன் வந்தே?" என்று கேட்டதற்கு, "எழுதினா வரத்தானே வேணும்" என்றாள்.

நான் முதலில் ஊர் திரும்பினேன். அடுத்த வருடம் அவளும் வந்துவிட்டாள்.

அதன் பிறகு மூன்று வருடம். எத்தனை தரம் சந்தித்தோம் என்று நினைக்கிறீர்கள்?

ஒரு தரம்கூட இல்லை.

மாத்தளையிலிருந்து வில்கமுவவுக்கு மூன்று மணித்தியாலப் பஸ். கொரியாவில் ஒரு நீர்வீழ்ச்சியைப் பார்க்க நாலு மணித்தியாலம் போய், நாலு மணித்தியாலம் திரும்பி, திங்கள் காலை வேலைக்கும் போனவர்கள் நாங்கள். ஊருக்கு வந்ததும் மூன்று மணித்தியாலம் பெரிய தூரமாகிவிட்டது. 'அடுத்த போயா லீவுக்கு வாறேன்.' 'புத்தாண்டு முடியட்டும்.' 'மழை விடட்டும்.' எல்லாம் நான் அனுப்பிய குறுஞ்செய்திகள்தான். பதிலுக்கு அவள் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று அனுப்புவாள். பிறகு அதுவும் நின்றது.

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருப்பார்தானே? பிறத்தியார் ஊரில் ஞாயிற்றுக்கிழமை வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்ப ஓடுகிறோம். சொந்த ஊரில் அது ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது – ஒரு கல்யாணம், ஒரு மூட்டை அழுக்குத் துணி, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஒரு போன். பக்கத்தில் இருப்பவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்ற நினைப்பு வேறு.

என் அம்மா மட்டும் விடவில்லை. "ஒன் கை ஒடஞ்சப்ப அந்தப் புள்ள ஓடி வந்துச்சுல்ல? நீ ஒருவாட்டியாச்சும் போய்ப் பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

கடைசியில் என்னைப் போக வைத்தது கொலின்தான். இப்போது அவருக்கு வேலை கொழும்பில். இங்கே வாழும் வெளிநாட்டவர்களைச் சேர்த்து அதே பயணம், அதே படிவம். 'உங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன், இரண்டு பேரும் கட்டாயம் வாருங்கள்' என்று எங்களுக்கு எழுதினார்.

றத்தோட்டை தாண்டி, றிவர்ஸ்டன் மலைக் காற்றில் எல்லோரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஒரு போலந்துப் பெண் சொன்னார், "நான் இங்கே வருவது மூன்றாவது தடவை. நீங்கள்?"

"இரண்டாவது."

"வில்கமுவவுக்கு?"

"இதுதான் முதல் தடவை."

அவர் என் கையிலிருந்த பட்டியலை ஒருமுறை பார்த்தார். வெளிநாட்டவர் யார் என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வில்கமுவவில் வாய்க்கால் ஓரத்துப் பாதையில் மினி பஸ் போகாது. ட்ரெய்லர் பூட்டிய ட்ரெக்டர் ஒன்று காத்திருந்தது. வெளிநாட்டவர்கள் சந்தோஷமாகப் பின்னால் ஏறினார்கள். நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில், மட்கார்டில் உட்கார்ந்தேன். அவர்தான் விமலதாச மாமா. (அங்கே பேச்செல்லாம் சிங்களம், உங்களுக்காகத் தமிழில்.)

"நீங்கதானே அந்த மாத்தளை மிஸ்?"

"ஆமா."

"நிமாலியோட அம்மாவ இதே ட்ரெக்டர்லதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். பாரிசவாதம். போன பெரும்போகம் அறுக்கிற நேரம். இங்கருந்து அம்புலன்ஸ்ல மாத்தளைக்கு அனுப்பினாங்க. பதினொரு நாள் அங்க வச்சிருந்தாங்க."

எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை என் முகத்தில் கண்டிருப்பார்.

"மாத்தளையில கூட்டாளி இருக்காளே, ஒரு கோல் எடு, குளிக்கவாச்சும் எடம் கெடைக்கும்னு நான் சொன்னேன். 'மிஸ்ஸுக்கு வேல இருக்கும் மாமா'ன்னுட்டா... ஒங்க வீடு ஆஸ்பத்திரிக்குத் தூரமா?"

"இல்ல. பஸ்ஸில இருவது நிமிஷம்."

அவர் கியரை மாற்றினார்.

நிமாலி வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள்.

"வாங்க மிஸ். வெள்ளைக்காரங்களப் புடிச்சித்தான் வழி கண்டுபிடிச்சீங்களா?"

கொலின் விளங்காமலே சிரித்தார். நான் மிளகுப் பொட்டலத்தை நீட்டினேன், அம்மா கொடுத்துவிட்டது. வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாப்பாடு முடிந்து பின்பக்கம் பிளேட் கழுவும்போதுதான் தனியாகப் பேச முடிந்தது.

"ஏன் எனக்குச் சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"வந்திருப்பேன்."

"அடுத்த போயாவுக்கா?"

'மிஸ்' காணாமல் போயிருந்தது. கோபம் வந்தால்தான் அவளுக்கு நான் பழைய ஆள்.

"ஒருநாள் ஒன்னக் கண்டேன்" என்றாள், பிளேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அம்மாவுக்குக் கஞ்சி வாங்க வெளிய வந்தேன். நீ ஸ்கூட்டர்ல போன. ஹெல்மெட் போட்டிருந்த. கையக் காட்டினேன்."

"காணல, நிமாலி. சத்தியமா."

"தெரியும். கண்டிருந்தா நிப்பாட்டியிருப்ப. அதனாலதான் இன்னைக்கு ஒனக்கும் சேத்துச் சோறாக்கினேன்."

காணவில்லை என்பது உண்மை. ஆனால் மூன்று வருடமாக அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காதவள் எப்படிக் காண்பாள்?

உள்ளே நாற்காலியில் அவளுடைய அம்மா. வலது பக்கம் முழுவதும் அசைவில்லை. பேச்சு குழறுகிறது. என்னை அருகில் அழைத்து, நல்ல கையால் என் இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"இதுதானா ஒடஞ்ச கை?"

"ஆமாம்மா."

"நல்லா பொருந்திருச்சு" என்றார்.

பின்னால் நின்ற நிமாலி சட்டென்று திரும்பி, ஏற்கெனவே மூடியிருந்த சட்டியைத் திறந்து மறுபடி மூடினாள்.

வாசலில் கொலின் ஆட்களைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். அம்மாவுக்கு எங்கே மருந்து எடுக்கிறாள் என்று நிமாலியிடம் கேட்டேன். மாதம் ஒருமுறை மாத்தளையில் கிளினிக். அடுத்தது வரும் வியாழக்கிழமை.

"நான் வரட்டா?"

நிமாலி கையைத் துடைத்தாள். துடைத்த கையை இன்னொரு தரம் துடைத்தாள்.

"மொத பஸ் ஒம்பதரைக்கு மாத்தளைக்கு வரும்."

அவ்வளவுதான் சொன்னாள்.

இந்தப் பத்தியை நீங்கள் வாசிக்கும்போது வியாழக்கிழமை இன்னும் வந்திருக்காது. என் பக்கத்து நிலவரம் இது: லீவு போட்டாகிவிட்டது. பகல் சாப்பாட்டுக்கு இரண்டு பேருக்குக் கூடுதலாகச் சமைக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சாப்பிட வருவார்களா என்று தெரியாது. ஒன்பது மணிக்கே பஸ் நிலையத்தில் நிற்பேன்.