மூக்கைப் பொத்தாதவர்

திருகோணமலைத் துறையில் மீன் குடல் எடுக்கும் கிழவர் அவர். மாத முதல் வெள்ளி தேவாலயத்தில் நடக்கும் நற்கருணை ஆராதனைக்கு நான் இருக்கும் வாங்கிலேயே வந்து உட்காருவார். காலில் சீழ் வடியும் புண். சுற்றிய சாக்குத்துணியில் ஈ மொய்க்கும். செபமாலை உருட்டமாட்டார், உதடும் அசையாது. ஒரு மணி நேரம் பீடத்தில் வைத்திருக்கும் நற்கருணை ஆண்டவரையே பார்த்திருப்பார். நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதோ?"

"திங்கக்கிழமை என்ர காலை வெட்டப்போறாங்கள், பிள்ளை. அதுதான் பயமாக் கிடக்கு."

"அதைத்தான் மன்றாடுறீங்களோ?"

"ஒண்டும் கேக்கேல்ல. என்ர நாத்தத்துக்கு மூக்குப் பொத்தாதவர் அவர் ஒருத்தர்தானே. பாத்துக்கொண்டிருந்தாப் பயம் போகுது."

சிரித்துவிட்டுப் பீடத்தின் பக்கம் திரும்பினார். அப்போதும் தலைப்பை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

இன்றும் நினைத்தால் குமட்டுகிறது. அந்தப் புண்ணை நினைத்தா, என்னை நினைத்தா என்றுதான் தெரியவில்லை.