ஏழாவது சுற்று

இன்று அரியலூர் பஸ் நிலையத்தில் டீசல் புகை முகத்தில் அடித்ததும் வாய் தானாக எண்ணத் தொடங்கிவிட்டது. செந்துறைப் பக்கம் எங்கள் கிணற்றடியில் இருந்த இன்ஜின் கொட்டகையைச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் எப்போதோ விழுங்கிவிட்டது. சின்ன வயதில், நான்கு நாளில் மூன்று நாள் மக்கர் செய்யும் அந்தப் பழைய இன்ஜினைக் கிளப்ப அப்பா கைப்பிடி போட்டுச் சுற்ற, எண்ணெய் வாடைக்கு நடுவே நின்று எண்ணி, ஏழாவது சுற்றில் நான் மேலேயுள்ள லிவரைத் தட்டிவிட வேண்டும். வேகம் சேருமுன் தட்டினால் கைப்பிடி திருப்பி அடித்துக் கையை முறித்துவிடும்.

ஒரு நாள் தும்மல் வந்து ஐந்திலேயே தட்டிவிட்டேன். கைப்பிடி அப்பாவின் காதை உரசிக்கொண்டு பறந்து கிணற்றுக்குள் விழுந்தது.

மறுநாள் அதைத் தேடி எடுத்து வந்து மறுபடி சுற்றினார். ஏழு, எட்டு, பதினொன்று, பதின்மூன்று. என் விரல் அசையவில்லை.

"தட்டுடா, கை ஓஞ்சு போச்சு" என்று நிறுத்தியவர், மூச்சு வாங்கியபடி, "நீ ஒண்ணும் எண்ணாத. எம் மூஞ்சியப் பாரு, தலையாட்டுறேன், அப்பத் தட்டு" என்றார்.

அதுவரை சக்கரத்தை மட்டுமே பார்த்து எண்ணியவன் அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். மறுபடி சுற்றுகையில் தலை ஆடியது. கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன.