கறுப்புக் கண்ணாடியும் வெற்றிலைக் கொடியும்

என் பார்வை பட்டால் வெற்றிலைக் கொடி பழுத்துவிடும் என்று போன ஆடிக் கடைசியில் சில நாட்கள் முழுமனதாக நம்பினேன். நம்பியதோடு நிறுத்தவில்லை. கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தேன். ஐம்பதைத் தாண்டியவன், மிக்ஸியும் கிரைண்டரும் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன், பேய் பிசாசென்று பேசுகிறவர்களை டீக்கடையில் வைத்து ஓட்டுகிறவன். அப்பேர்ப்பட்ட நான்தான்.

சின்னமனூரில் எங்கள் தெருக்கோடியில் அரிசி ஆலை குடோன் ஒன்று பல காலமாகப் பூட்டிக் கிடந்தது. தெருக்காரர்கள் சேர்ந்து அதை வாங்கினோம். கூரைத் தகரத்தில் பாதியைக் கழற்றிவிட்டு வெளிச்சம் புகும் ஷீட் போட்டு, அதன்கீழே பச்சை வலை கட்டி, உள்ளேயே ஒரு தோட்டம் வைத்தோம். மிளகு, பெரணி, பெயர் தெரியாத நிழல் செடிகள், நடுவே சிமெண்டு பெஞ்சுகள், ஒரு கேரம் போர்டு. சித்திரை வெயிலில் ஊரே காய்கிறபோது உள்ளே போனால் மேகமலைக்கு ஜீப் ஏறின மாதிரி இருக்கும். பச்சைக் குடோன் என்று பெயரே ஆகிவிட்டது. யாருக்கும் தனிச் சொந்தமில்லை. வருகிறவர் யாரானாலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

வடக்குச் சுவர் நெடுக வெற்றிலைக் கொடி. வெற்றிலைத் தோட்டமான கொடிக்காலுக்குள் செருப்புக்காலோடு நுழைவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொடிக்காலில்போல அகத்தி மரத்தில் படராமல் மூங்கில் கம்பில் ஏறினாலும் கொடி கொடிதானே என்று எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிடுவோம். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பதை வாசல் செருப்புகளே சொல்லிவிடும்.

என் மகளுக்கு கெங்குவார்பட்டியில் சம்பந்தம் கூடிவந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம். மண்டபம் எதற்கு, பச்சைக் குடோனிலேயே வைக்கலாமென்று மாப்பிள்ளையின் அம்மாதான் சொன்னார். “தாம்பூலம் மாத்துற வெத்தலையையும் அங்கனயே பறிச்சுக்கிருவோம். யாருக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பினை?” என்றார். குடோனில் நடக்கப்போகிற முதல் விசேஷம். தெருவே என் மகளைப் பெற்றது போல மிதந்தது.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும். ஒரு சாயங்காலம் குடோன் வாசலுக்குள் கால் வைத்ததும் கொடியைப் பார்த்து வாயைப் பிளந்தேன். “அடேயப்பா! ஒவ்வொண்ணும் யானைக் காது மாதிரில்ல இருக்கு!”

மறுநாள் போய்ப் பார்த்தால் இலைகள் வெளிறிக் கிடந்தன. அதற்கடுத்த நாள் மஞ்சள். தொட்டால் காம்போடு கையில் வந்தது.

உத்தமபாளையத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் துணிக்கடை வைத்திருக்கிற பாய், என் வயசுக்காரர், கேரம் காயைச் சுண்டிக்கொண்டே சொன்னார்: “முந்தாநாள் வாயப் பொளந்து பாத்தியே மாப்ள, அதான். ஒனக்குக் கொள்ளிக் கண்ணுய்யா.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊரையே கேலி பண்ணிப் பிழைத்தவனுக்கு வீட்டுக்கு நடக்கும்போதுதான் அந்தச் சொல் உறைத்தது. கேவலம் ஒரு கொடி, அதுவே என் பார்வையைத் தாங்கவில்லை. பட்டுச்சேலை கட்டி மகள் வந்து நிற்கப்போகிறாள். எல்லாரையும்விட ஆசையாகப் பார்க்கப்போகிறவன் நான். என்ன ஆகும்?

உடனே கண்ணாடி வாங்கிவிட்டேன்.

“கண்ணுவலியாப்பா?” என்றாள் மகள்.

“இல்லாத்தா, ஸ்டைலு” என்றேன், சுவரைப் பார்த்தபடி.

என் மனைவி விடவில்லை. “மாப்பிள்ள வீட்டுக்காரக வந்து எறங்குறப்ப இந்தக் கோலத்துல நின்னீகன்னா, நான் எங்கம்மா வீட்டுக்கு வண்டி ஏறிருவேன். வந்தவுக மெட்ராஸ் கண்ணுன்னு அப்படியே திரும்பிப் போயிருவாக.”

பயம் ஒரு பக்கம், தொழில்புத்தி ஒரு பக்கம். மிக்ஸி ஓடவில்லையென்றால் நான் உடனே மோட்டாரைக் கழற்ற மாட்டேன். முதலில் வேறு பிளக்கில் செருகிப் பார்ப்பேன். கண்ணையும் அப்படிச் செருகிப் பார்த்தாலென்ன? மாடியில் இரண்டு ரோஜாத் தொட்டிகள் இருந்தன. ஒன்றைத் திரும்பியே பார்ப்பதில்லை. மற்றதை, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முடிந்த மட்டும் பொறாமையோடு முறைத்தேன். “ஆகா, என்னா அழகு, என்னா அழகு” என்று வாய்விட்டும் சொன்னேன். அடுத்த வீட்டு மாடியில் வடகம் காயப்போட்ட பெண் பாதியிலேயே இறங்கிப் போய்விட்டது.

முறைத்த ரோஜா மொட்டு விட்டது.

அதன்பிறகு பயம் கொஞ்சம் தள்ளி நின்றது. என்னதான் ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு பிடித்துக்கொண்டது. குடோனுக்குப் போய்க் கொடியை நுனி முதல் அடி வரை மேய்ந்தேன். வாசல் பக்கத்துக் கொடிகள் பச்சையாகவே இருந்தன. உள்ளே போகப் போக மஞ்சள் கூடியது. கடைசியில், ஆலை ஓடிய காலத்தில் மூட்டை எடை போட்ட எடைமேடை அறைப் பக்கம் மொட்டைக் கொடிதான். நான் நின்று வாயைப் பிளந்ததோ வாசலில். என் கண் அவ்வளவு தூரம் எட்டி, கிட்டத்தில் இருந்ததை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போயிருக்கிறதென்றால் அதற்கு ஏதோ கோளாறு.

இதையே யோசித்தபடி வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் மனைவி அரிசி டிரம்முக்குள் சப்போட்டாக் காய்களைப் புதைத்துக்கொண்டிருந்தாள். நடுவே ஒரு பழுத்த வாழைப்பழத்தையும் வைத்தாள்.

“அது எதுக்கு?”

“பழுத்தது ஒண்ணு கூடக் கெடந்தா மத்ததும் வெரசாப் பழுக்கும். இத்தன வருசமா இந்த டிரம்மு அரிசியத்தான் திங்கிறீக, கேக்குற கேள்வியப் பாரு.”

நான் அப்படியே குடோனுக்கு ஓடினேன்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் விசேஷமென்றால் தோட்டம் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு வாழைத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். என் மகள் நிச்சயத்துக்கும், கொடி வெளிறுவதற்கு முன்பே, வந்திருந்தன. குடோனின் எடைமேடை அறையில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, சாக்குப் போட்டு மூடியிருந்தோம். அந்த அறைக்குக் கதவு கிடையாது. வெளியே ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்ததால் குடோன் ஜன்னல்களையெல்லாம் வேறு அடைத்து வைத்திருந்தோம். அந்தத் தார்களைத் தினமும் பார்த்தேன், தட்டிக்கூடப் பார்த்தேன். வாழைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தார் தொங்கினால் தூண் நிற்கிற மாதிரி. யார் அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள்?

வாசல் பக்கத்துப் பச்சை வெற்றிலைகளைப் பறித்து இரண்டு பாலிதீன் பைகளில் போட்டேன். ஒன்றில் மட்டும் ஒரு வாழைப்பழம். வாயைக் கட்டிக் கடையில் மாட்டிவைத்தேன். பழம் இருந்த பையில்தான் வெற்றிலை முதலில் மஞ்சளானது.

பாயிடம் இரண்டு பையையும் காட்டினேன். மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

“அப்ப ஒங் கண்ணு வெறுங்கண்ணுதானா மாப்ள? எங் கடைக்கு எதுத்தாப்புல புதுசா ஒருத்தன் கட தெறந்திருக்கான். ஒன்னயக் கூட்டிட்டுப் போயி நிப்பாட்டலாம்னுல்ல இருந்தேன்!”

தார்களைப் பாயின் கடை வராந்தாவுக்கு மாற்றினோம். ஜன்னல்களைத் திறந்தோம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் சிரிப்பு. “பழம் நல்லாப் பழுத்துச்சாண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

நிச்சயத்தன்று கொடிக்காலில் வாங்கிய வெற்றிலைக்கு மேலே, வாசல் பக்கம் தப்பிய எங்கள் வெற்றிலையை அடுக்கித் தாம்பூலம் மாற்றினோம். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். “போதும்ப்பா, எல்லாரும் பாக்குறாங்க” என்று மகள் பல்லைக் கடித்துச் சொல்லும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காற்றுக்குப் பயந்து ஜன்னலை அடைத்தோம். உள்ளே வாழைத்தார் பழுத்தது. பழுக்கும்போது அது விட்ட வாயுவில் பக்கத்திலிருந்த வெற்றிலையும் பழுத்து உதிர்ந்தது. நடந்தது அவ்வளவுதான்.