முதல் 'போதும்' சொன்னதும்

கல்லூரியில் சேர்ந்ததும் ஏதாவது ஒரு மன்றத்தில் பெயர் கொடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். எனக்கு ஓட வராது, அதனால் விளையாட்டு இல்லை. ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும், அதனால் ரத்ததான மன்றமும் இல்லை. மிச்சமிருந்தது சுற்றுச்சூழல் மன்றம். மரக்கன்று நடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், சுண்டல் கொடுப்பார்கள் என்று நம்பிச் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில் என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பதவி வந்த பிறகு நான் நடந்த நடையே வேறு என்று என் தோழிகள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள்.

எங்கள் பெண்கள் விடுதியில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம் இருக்கும். தட்டில் மிஞ்சியதை அதில்தான் கொட்ட வேண்டும். மதியச் சாப்பாடு பாதி முடியும்போதே அது நிரம்பி வழியும். பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்கள் அப்பா மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இங்கே இப்படிச் சோறு போகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தோம். எல்லாம் பரிமாறுகிற விதத்தால் வந்த வினை. எங்கள் பக்கத்தில் முதல் 'போதும்' சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கையை நீட்டி மறித்தாலும் கைக்கு அடியில் கரண்டியை நுழைத்துப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போடாவிட்டால் அது உபசாரமே இல்லை. விடுதியில் பரிமாறும் அக்காவும் அந்த வழக்கத்தில் ஊறியவர். எனவே தீர்மானம் போட்டோம்: முதல் 'போதும்' சொன்னதுமே கரண்டி நிற்க வேண்டும். மெஸ் சுவரில் பச்சைத் தாளில் எழுதியும் ஒட்டினோம்.

அக்கா முதலில் முகம் சுளித்தார். பிறகு வேலை சுலபமாக இருப்பதைக் கண்டுகொண்டார். 'போ' என்று வாயைத் திறக்கும்போதே கரண்டி அடுத்த தட்டுக்குத் தாவிவிடும். யாராவது முறைத்தால், "மன்றத்துல சொல்லியிருக்காங்க கண்ணு, நான் என்ன பண்ண?" என்பார்.

டிரம்மின் அடி தெரிய ஆரம்பித்தது. வார்டன் எங்களைக் கூப்பிட்டுப் பாராட்டி, டீயும் முறுக்கும் வாங்கிக் கொடுத்தார். காலி டிரம்மோடு நாங்கள் எடுத்துக்கொண்ட போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. கோப்பையை வென்ற கிரிக்கெட் அணி மாதிரி நிற்கிறோம்.

அப்போது என் அறையில் வத்தல்மலையிலிருந்து வந்த முதலாண்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். வந்த அன்றைக்கே, படித்து முடித்து மலையில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கே டீச்சராகப் போகப் போவதாகச் சொன்னாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப் போனாள். முகமும் வாடிவிட்டது. ஊர் நினைப்பு, சரியாகிவிடும் என்று நான் விட்டுவிட்டேன். ஒரு நாள் பார்த்தால் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை அப்பா கூட்டிட்டுப் போக வராருங்கக்கா. நான் வூட்டுக்கே போயிடறேன்."

"படிப்பு?"

"இந்த எடம் எனக்கு ஒத்துக்கலீங்க."

கெஞ்சினேன், திட்டினேன், எதற்கும் அசையவில்லை. சனிக்கிழமை எங்கள் மன்றம் ஒகேனக்கல்லில் குப்பை பொறுக்கப் போவதாக இருந்தது. போவதற்கு முன் காவிரியையாவது பார்த்துவிட்டுப் போ என்று அவளையும் பஸ்ஸில் ஏற்றினேன்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் போட்டுவிட்டுப் போன ஷாம்பு பாக்கெட்டுகளைச் சாக்குச் சாக்காகப் பொறுக்கினோம். வேலை முடிந்ததும் மீன் கடை வைத்திருந்த அம்மா, எங்களை அப்படியே அனுப்ப மனம் வராமல், வாழை இலை போட்டு உட்கார வைத்துவிட்டார். என் அறைப் பெண் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு கரண்டி சோறு விழுந்ததுமே "போதும்ங்க" என்றாள். அந்தம்மா காதில் வாங்காமல் இன்னொரு கரண்டி போட்டார். "ஐயோ போதும்ங்க" என்றாள். மறுபடியும் விழுந்தது, மேலே மீன் குழம்பும். மூன்றாவது முறைதான் இரண்டு கையாலும் இலையை மூடினாள். பிறகு ஒரு பருக்கை விடாமல் தின்று தீர்த்தாள். நான் சாப்பிட மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "ஹாஸ்டல்ல ஏன் இப்படிச் சாப்பிட மாட்டேங்கற?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அங்க ஒரு தடவ சொன்னதுமே நிறுத்திடறாங்கக்கா. எங்கூர்ல வேண்டாத ஆளுக்குத்தான் அப்படிப் போடுவாங்க. நான் இங்க வந்தது யாருக்கும் புடிக்கலபோலன்னு நெனச்சேன்."

பசியை விட அந்த நினைப்பே அவளைத் தின்றிருக்கிறது. அந்தப் பச்சைத் தாளை அவள் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். பார்த்தாளாம். அது சீனியர்களுக்கு என்று நினைத்துக்கொண்டாளாம்.

"எல்லாருக்குந்தான்டி. அந்தச் சட்டத்தப் போட்டதே நான்தான்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பென்னாகரம் தாண்டியும் நிறுத்தவில்லை. ஆனால் பையைப் பிரிக்கிறாயா என்றதற்கு மட்டும், அப்பாவுக்குச் சொல்லியாகிவிட்டதே என்றாள்.

அன்று சாயங்காலமே மன்றத்தைக் கூட்டி எங்கள் சட்டத்தைத் திருத்தினோம். முதலில் கொஞ்சமாகப் போடுவது, பிறகு கேட்டுக் கேட்டுத் திரும்பத் திரும்ப வருவது. அக்கா ஒருத்தரால் அத்தனை நடை நடக்க முடியாது என்பதால் நாங்களே முறை வைத்துப் பரிமாறுவது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆள் குறைந்ததால் அவள் கையிலும் ஒரு சாம்பார் வாளியைக் கொடுத்தேன்.

அவள் அப்பா வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. வெயிலில் வந்த மனுஷர், சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று வார்டன் உட்கார வைத்தார். அவர் கூச்சத்தோடு, "போதும்மா" என்றார். மகள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். "அட, போதும்மா" என்றார். அவள் மறுபடியும் ஊற்றிவிட்டு, "நல்லாச் சாப்புடுப்பா, இங்க கூச்சப்படக் கூடாது" என்று சொல்லியபடி அடுத்த வரிசைக்குப் போனாள்.

அவர் கை கழுவிவிட்டு வந்து, "பைய எடும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை. "இன்னும் ரெண்டு வரிசை சாப்புடாம இருக்குதுப்பா. நீ போய்ட்டு வா, நான் பொங்கலுக்கு வரேன்."

அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்று, மகள் பரிமாறுவதைப் பார்த்துவிட்டுத் தனியாகவே பஸ் ஏறப் போனார்.