நடு அறையில் காயாத புடவை

எங்கள் வீட்டு நடு அறைச் சுவரை இதுவரை எத்தனை முறை தேய்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் பழைய வீடு. நடு அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல், அதுவும் மறுபக்கம் ஒரு ஆள் மட்டுமே நுழையும் சந்துப் பக்கமாக. முன்பு சந்துக்கு அந்தப் பக்கம் வெறும் தோட்டம். அங்கே மூன்று மாடி எழும்பியதிலிருந்து வெயில் எங்களை மறந்துவிட்டது. ஜூன் மாதம் மழை பிடித்தால் சுவரில் ஈரம் ஊறி ஓதம் ஏறும், அதன்மேல் பூசணம் படரும். நான் தேய்ப்பேன். பத்தே நாளில் திரும்ப வரும். அதற்குச் சலிப்பே கிடையாது, எனக்குத்தான்.

அந்த அறையில்தான் என் மாமியார் படுப்பார். தீட்டுப்படாமல் துணி உலர்த்தும் அவருடைய மடிக்கொடியும் அங்கேதான். காலையில் குளித்து, தாமே துவைத்த ஒன்பது கஜப் புடவையை, உத்தரத்துக்குக் கீழே கட்டிய மூங்கிலில் கோலால் தூக்கிப் போடுவார். காய்ந்து மடித்து எடுக்கும்வரை வேறு யார் கையும் அதில் படக்கூடாது. மறுநாள் அதை உடுத்திக்கொண்டுதான் பெருமாளுக்குத் தளிகை சமைப்பார். எழுபத்தெட்டு வயதுக் கைக்குப் பிழிய வலு ஏது? புடவை சொட்டிக்கொண்டே இருக்கும். காக்கை வந்து தொட்டுவிடும் என்று ஜன்னலையும் சாத்தித் தாழ் போட்டுவிடுவார். அந்த ஈரம் எங்கே போகும்? சுவருக்குப் போயிற்று. சுவரிலிருந்து அவர் நெஞ்சுக்குப் போயிற்று.

இரண்டு மழைக்காலம் இருமல். மூன்றாவது மழைக்காலத்தில் இழுப்பே வந்துவிட்டது. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதற்கு மூச்சு இருக்காது. என் கணவர் ஆள் வைத்துப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் வாடை போவதற்குள் பூசணம் எட்டிப் பார்த்தது. "அதான் பெயிண்ட் அடிச்சாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டுவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தேன். ஒரு நாள் ஆத்திரத்தில் குளியலறை கழுவும் ஆசிடையும் அதோடு சேர்த்து ஊற்றிவிட்டேன். குப்பென்று கிளம்பிய நெடியில் கண்ணும் தொண்டையும் எரிய, தெருவுக்கு ஓடிவந்து நின்றேன். புத்தி அப்போதுதான் வந்தது.

மாமியாரைக் காட்டிய டாக்டர் நல்ல மனிதர். எங்கே படுக்கிறார், எது எங்கே காய்கிறது என்று கன்னடத்தில் ஒவ்வொன்றாக விசாரித்தார். மருந்து கொடுப்பது என் வேலை, அந்த அறையைக் காயவைப்பது உங்கள் வேலை என்றார். ஈரத்துணி உள்ளே காயக்கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஓதத்தின்மேல் பெயிண்ட் அடிப்பது புண்ணை மூடிவைக்கிற மாதிரி. இன்னொரு மழைக்காலம் இப்படியே போனால் ஆஸ்பத்திரிப் படுக்கைதான் என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

ஆட்டோவில் மாமியார் ஆரம்பித்தார். "அவருக்கு என்ன தெரியும்? அறுபது வருஷமா அங்கேதான் காயறது."

"அப்போ வெயில் வந்துதும்மா. மாடில போட்டா ஒரு நாழில காஞ்சுடும்."

"மாடில குடியிருக்கறவா துணியோடயா? மடி இல்லேன்னா தளிகை இல்லை. தளிகை இல்லேன்னா எனக்குச் சாப்பாடும் இல்லை."

சொன்னால் செய்கிறவர். ஒருமுறை இரண்டு நாள் பட்டினி கிடந்து காட்டியிருக்கிறார். அதனால் நான் திருட்டுத்தனத்தில் இறங்கினேன். ஜன்னலுக்கு வலை அடித்து, இனி காக்கை வராது என்று சொல்லித் திறக்க வைத்தேன். அது நேர்மையாக நடந்தது. மற்றது அப்படியில்லை. தினமும் பத்து மணிக்கு அவர் கோயிலுக்குப் போவார், ஒரு மணிக்குத்தான் திரும்புவார். அவர் தலை மறைந்ததும் புடவையை இறக்கி, இறுக்கிப் பிழிந்து, இருபத்திரண்டு படி ஏறி, குடியிருப்பவர்களின் ஜீன்ஸுக்கும் சாக்ஸுக்கும் நடுவே காயப்போடுவேன். தூறல் நாளில் தகரக் கூரைக்கடியில் காற்றுக்குக் கட்டுவேன். அப்படியும் காயாவிட்டால் இஸ்திரிப் பெட்டி. ஒரு மணிக்குள் கோலால் தூக்கி, அவர் போட்டிருந்த மாதிரியே கொடியில் போட்டுவிடுவேன். நானும் பெருமாளைச் சேவிக்கிறவள்தான். தினமும் பூஜை அறை வாசலில் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் படி ஏறுவேன்.

சுவர் காய்ந்தது. உப்பிய காரையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வைத்தேன். தசரா வருவதற்குள் இழுப்பு அடங்கிவிட்டது. பார்க்க வந்த உறவுக்காரர்களிடம், "நான் மடியை விடலை, பெருமாள் என்னை விடலை" என்றார். காப்பி டம்ளர்களை வைத்துவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். வலிக்கத்தான் செய்தது.

இந்த ஜூனில் என் முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு நாள் எழுந்திருக்கவே மனசில்லாமல் கூடத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கோயிலுக்குக் கிளம்பிய மாமியார் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"ஏண்டிம்மா, மணி பத்தாயிடுத்து. மழை வர்றதுக்குள்ள புடவையை மாடிக்கு எடுத்துண்டு போகலையா?"

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"மொத நாளே. காத்துல காஞ்ச புடவைக்கும் பூசண வாடை அடிக்கற புடவைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

கோபம் தலைக்கேறியது. "தெரிஞ்சுண்டே ஒரு வருஷம் என்னைத் திருடியாட்டம் ஏறி எறங்க விட்டேளா? ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொன்னா அது என் பாவம். சொல்லாத வரைக்கும் உன்னோடது." கொஞ்சமும் கூசாமல் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. "எனக்கும் மூச்சு வேணுமேடி."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவி, நடு அறைக்குப் போனார். கோலை எடுத்துத் தாமே புடவையை இறக்கினார். ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து என் இரண்டு கையிலும் வைத்தார். அவர் விரல் என் விரலில் பட்டது. அறுபது வருஷ மடி அது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இன்னிலேர்ந்து பாதி எனக்கு. கால் வலின்னா மெதுவா ஏறு" என்றார்.

பாவத்தில்தான் பாதி. படி இருபத்திரண்டும் எனக்கே.